ரயில் வேலை, நச்சுப் புகை, புற்றுநோய்: அமெரிக்க ஃபெலா வழக்கில் எது நிற்கும், எது கவிழும்?

ஓமாஹா_பாரதி (இழை தொடங்கியவர்)

அமெரிக்க ரயில்வேயில் வேலை பார்த்தவருக்குப் புற்றுநோய் என்று பேச்சு வந்ததும் "தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் மனு போடுங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது தவறான வாசல். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ரயில் நிறுவனத்தின் ஊழியருக்கு மாநில இழப்பீட்டுத் திட்டம் கிடையாது. 1908இல் வந்த ஃபெடரல் சட்டம்தான் அவருக்கு வழி. எல்லோரும் அதை ஃபெலா என்பார்கள்.

இதில் மாதாந்தரத் தொகை தானாக வராது. நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை, ஜூரியே முடிவு செய்யும்.

யார்டிலோ பட்டறையிலோ தண்டவாளப் பராமரிப்பிலோ 25, 30 வருடம் இருந்தவர். இப்போது நுரையீரல் புற்று, அல்லது ரத்தப் புற்று. முதல் வாரத்திலேயே என்ன செய்ய வேண்டும்? எந்த இடத்தில் வழக்கு கவிழ்கிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்த அனுபவக் கதைகள் இந்த இழையில் வேண்டாம்.

---

சட்டப்படி

முதலில் கெடு. மூன்று வருடம். அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

1949இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூரி வழக்கில் இதைத் தொட்டது. நீராவி இன்ஜினில் சுமார் 30 வருடம் ஃபயர்மேனாக இருந்தவர் அவர். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலின் தூசு கேபினுக்குள் வந்து நுரையீரலில் சிலிக்கோசிஸ் ஆனது. 1940இல் நோய் தெரிந்தது, 1941இல் வழக்குப் போட்டார். தூசு போன வருடங்களை வைத்துக் கெடு முடிந்துவிட்டது என்று நிறுவனம் வாதாடியது. நோய் வெளிப்பட்ட பிறகே கெடு ஓடும் என்றது நீதிமன்றம். தொழில் நோயும் இந்தச் சட்டத்தில் அடங்கும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் உறுதியானது.

பிறகு 1979இல் குப்ரிக் தீர்ப்பு வந்தது. அது வேறொரு சட்டத்தின் கீழ் வந்தாலும் ஃபெலாவுக்கும் அதையே பொருத்துகிறார்கள். நோய் இருப்பதும் அதற்கு என்ன காரணம் என்பதும் தெரிந்த நாள், அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய நாள், அதிலிருந்து கெடு. யாருடைய தவறு என்று தெரியாது, வக்கீலை இப்போதுதான் பார்த்தேன் என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.

ஆகவே மருத்துவமனைக் கோப்பைத்தான் எதிர்த்தரப்பு முதலில் வரவழைக்கும். "வேலையிடத்துப் புகையால் வந்திருக்கலாம் என்று நோயாளி சொல்கிறார்" என்று நர்ஸ் எழுதிய ஒரு வரி போதும். அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் எண்ணிவிடுவார்கள்.

---

ஜல்லிமேடு

அப்படியென்றால் நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளலாமா?

---

சட்டப்படி

பாதுகாப்புக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. சட்டப்படி அந்த நாள் முன்னும் போகலாம், பின்னும் போகலாம். வருடக்கணக்கில் இருமல், எக்ஸ்ரேயில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தழும்பு என்று எழுதியிருந்தால் அந்த நோய்க்கான கெடு முன்பே தொடங்கியிருக்கும். காரணம் தெரிய நியாயமான வழியே இல்லாமல் இருந்தால் பின்னால் போகும். ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

குடும்பத்துக்கு ஒன்று. தொழிலாளி உயிரோடு இருக்கும்போதே அவருடைய கெடு முடிந்துவிட்டால், இறந்தபின் மனைவிக்குப் புதிதாக மூன்று வருடம் கிடைக்காது. 1931ஆம் வருடத் தீர்ப்பு அது. அவர் உயிரோடிருக்கும்போது சமரசம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனைவியின் வழக்கு அத்தோடு முடிந்தது.

---

கரும்புகை

வக்கீல்கள் மனுவில் "டீசல், கல்நார், ரசாயனங்கள்" என்று மொத்தமாக எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிய மனுவை உடைப்பது எளிது. எந்தப் பணி, எந்த இடம், எந்தப் பொருள், தினம் எத்தனை மணி நேரம் என்று பிரிக்க வேண்டும்.

டிரைவர், கண்டக்டர்: 1959 வாக்கில் அமெரிக்க இன்ஜின்களில் சுமார் 95 சதவீதம் டீசலுக்கு மாறிவிட்டன. இரண்டு மூன்று இன்ஜின்களைக் கோத்து ஓட்டும்போது முன்னால் இருப்பதன் புகை பின் இன்ஜினின் கேபினுக்குள் வரும். பின் இன்ஜினில் உட்கார்ந்து போனவர் எத்தனை பயணம் போனார் என்று கேளுங்கள். இன்ஜினின் நீண்ட மூக்கு, அதாவது இயந்திரம் இருக்கும் நீளமான பக்கம், முன்னால் இருக்கும்படி ஓட்டினால் புகைபோக்கி கேபினுக்கு முன்னால் வந்துவிடும். சுரங்கப்பாதை உள்ள மலை வழித்தடம் என்றால் இன்னும் மோசம். ஜன்னல் ரப்பர் கிழிந்ததா, தரைத் துவாரங்கள் அடைக்கப்படாமல் இருந்தனவா என்பதையும் எழுதுங்கள்.

யார்டு ஆட்கள்: இன்ஜின் குளிர்விப்பு நீரில் உறைதடுப்பான் கலப்பதில்லை. அதனால் குளிர்காலத்தில் அணைக்க முடியாது, இரவு முழுக்க ஓடியபடியே நிற்கும். பத்துப் பதினைந்து இன்ஜின் வரிசையாக உறுமிக்கொண்டிருக்க, நடுவில் நடந்து கப்ளிங் போடுபவரின் மூச்சில் என்ன போயிருக்கும்? எந்த மாதங்கள், எந்த ஷிஃப்ட் என்பது இங்கே சாட்சியம்.

பட்டறை: பாய்லர் மேலுறை, புகைக்குழாய்ச் சுற்று, கேஸ்கெட், பிரேக் கட்டை, எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் கல்நார். பிரேக் கட்டைத் தூசைக் காற்றுக்குழாய் வைத்து ஊதித் தள்ளியது பெரிய தவறு. பாகங்களைக் கழுவிய கரைப்பானில் பென்சீன் இருந்ததா என்று டப்பாவின் பெயரோடு நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். வெல்டிங் புகை தனி.

தண்டவாளப் பராமரிப்பு: கிரியோசோட் என்ற மரப் பாதுகாப்பு எண்ணெய் ஊறிய ஸ்லீப்பர் கட்டை. வெயிலில் அது கசியும், ஆவியாகும், தோலில் படும். ஜல்லியைச் சரிசெய்யும் இயந்திரம் கிளப்பும் தூசில் சிலிக்கா. களைக்கொல்லி தெளித்த வண்டிக்குப் பின்னால் உடனே இறங்கி வேலை செய்தார்களா?

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. எரிந்த வாயு முழுவதும் கேபினுக்கு வெளியேதான் போக வேண்டும் என்று ஃபெடரல் இன்ஜின் விதி, 49ஆம் தொகுதி 229.43 சொல்கிறது. கேபினுக்குள் புகை வந்தது என்று காட்டிவிட்டால் கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, தொழிலாளியின் பங்குத் தவறு என்று தொகையைக் குறைக்கவும் முடியாது. ஆனால் இன்ஜின் அப்போது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். பட்டறையில் பழுதுக்கு நின்ற இன்ஜினுக்கு இது செல்லாது.

---

நிலா_ஆய்வகம்

கரும்புகை அண்ணா பணி வாரியாகப் பிரித்ததுபோல் நோய் வாரியாகவும் பிரிக்க வேண்டும். எல்லாப் புற்றும் எல்லாப் பொருளாலும் வராது. இதை மறந்து வரும் நிபுணர் அறிக்கைதான் அதிகம் தள்ளுபடி ஆகிறது.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையை 2012 ஜூனில் முதல் பிரிவில், அதாவது மனிதரில் புற்றை உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், வைத்தது. நுரையீரல் புற்றுக்குப் போதிய சான்று, சிறுநீர்ப்பைக்கு வரையறுத்த சான்று. கல்நாருக்கு மீசோதீலியோமா (நுரையீரல், வயிறு ஆகியவற்றின் உறையில் வரும் புற்று), நுரையீரல், குரல்வளை, சினைப்பை ஆகியவற்றில் போதிய சான்று. பெருங்குடல், வயிறு, தொண்டையில் வரையறுத்த சான்று. பென்சீனுக்கு அக்யூட் மைலாய்டு ரத்தப் புற்று. சிலிக்காவுக்கு நுரையீரல். டிரைகுளோரோஎத்திலீன் கரைப்பானுக்குச் சிறுநீரகம். கிரியோசோட்டும் கிளைஃபோசேட் களைக்கொல்லியும் முதல் பிரிவில் இல்லை, உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற 2ஏ பிரிவில்.

ரயில்வேக்காரர்களை வைத்தே செய்த ஆய்வு கார்ஷிக் குழுவினுடையது. 2004இல் வந்தது. 54,973 பேரை 1959 முதல் 1996 வரை தொடர்ந்தார்கள். ரயில் ஓட்டிய குழுவினரில் நுரையீரல் புற்று மரணம் 1.4 மடங்கு. எதிர்த்தரப்பு விடாமல் பிடிக்கும் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: வேலை வருடம் கூடக்கூட ஆபத்து கூடவில்லை. நம் நிபுணர் இதை மறைக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் உண்மையான புகை அளவு தெரியாமல் வருடத்தை மட்டும் எண்ணினார்கள், உடல் கெட்டவர்கள் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார்கள் என்று விளக்க வேண்டும். அதே குழுவின் 1987 ஆய்வில் புகைபிடித்தலைக் கணக்கில் எடுத்தபிறகும், 64 வயது வரை உள்ளவர்களில் 20 வருட டீசல் வேலைக்கு நுரையீரல் புற்று ஆபத்து 1.41 மடங்கு என்று வந்தது. இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். 12,315 பேரை ஆய்ந்த அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் ஆய்வும் 2012இல் வந்தது, அதையும்.

ரத்தப் புற்றுக்கு வெறும் டீசல் புகையை வைத்து பென்சீன் என்று வாதாடுவது கடினம். புகையில் பென்சீன் அளவு குறைவு. கரைப்பானில் கை நனைத்த பட்டறை ஆளுக்கு வழி பலமானது.

---

ஜல்லிமேடு

"சிறிதளவு பங்கு இருந்தாலே போதும்" என்று ஃபெலாவைப் பற்றிச் சொல்கிறார்களே. பிறகு இவ்வளவு அறிவியல் எதற்கு?

---

சட்டப்படி

இந்த வாக்கியத்தை நம்பித்தான் நிறைய நல்ல வழக்குகள் போயின, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

1957 ராஜர்ஸ் தீர்ப்பு சொன்னது: நிறுவனத்தின் கவனக்குறைவு காயத்தில் மிகச் சிறிய பங்கு வகித்திருந்தாலும் போதும். 2011இல் மக்பிரைடு தீர்ப்பு அதை மறுபடி உறுதி செய்தது. சாதாரண வழக்குகளில் கேட்கும் நேரடிக் காரணம் இங்கே தேவையில்லை.

ஆனால் பங்கு சிறிதாக இருக்கலாமே தவிர, பங்கு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். புற்றுநோயில் அந்தச் சான்று நிபுணர் வாயிலிருந்துதான் வர முடியும். நம்பகமற்ற நிபுணர் சாட்சியத்தை நீதிபதியே விலக்கும் 1993 டாபர்ட் தீர்ப்பின் சல்லடையை அந்த நிபுணர் தாண்ட வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ஃபெடரல் சாட்சிய விதி 702 இன்னும் இறுகிவிட்டது. நிபுணரின் முறை நம்பகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு வழக்குத் தொடுத்தவரே காட்ட வேண்டும்.

இரண்டு படி. இந்தப் பொருள் இந்தப் புற்றை மனிதரில் உண்டாக்கக் கூடியதா? இந்த ஆளில் உண்டாக்கியதா? இரண்டாவதில் தோற்பது அதிகம். நிபுணர் தொழிலாளியைக் கேட்காமல் வக்கீல் தந்த இரண்டு பக்கச் சுருக்கத்தை வைத்து எழுதியிருப்பார். புகைபிடித்தல், வீட்டுக்குள் சேரும் ரேடான் கதிரியக்க வாயு, குடும்ப நோய் வரலாறு எதையும் ஒதுக்கியிருக்க மாட்டார். குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதற்காக ஒவ்வொரு நோய்க்கும் பெரும் ஆய்வுகள் ஒருமனதாக இருக்க வேண்டும் என்பதில்லை. டீசல் புகையும் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றும் பற்றிய வழக்கில் நிபுணரை விலக்கிய கீழ் நீதிமன்ற முடிவை நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் 2009இல் ரத்து செய்தது.

---

தேன்மொழி_டெக்சாஸ்

புகைபிடித்தவர் என்றால் வழக்கே வேண்டாம் என்று பல வக்கீல்கள் திருப்பி அனுப்புகிறார்கள். சரியா?

---

நிலா_ஆய்வகம்

எனக்கு இதில் உடன்பாடில்லை அக்கா. கல்நாரும் புகையிலையும் ஒன்றையொன்று பெருக்கும். 1979இல் வந்த காப்பிடும் தொழிலாளர் ஆய்வில் நுரையீரல் புற்று மரண ஆபத்து, கல்நார் மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு, புகையிலை மட்டும் சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். புகைபிடித்தவர் என்பதால் கல்நாரின் பங்கு மறைந்துவிடாது.

மீசோதீலியோமாவில் புகையிலைக்கு இடமே இல்லை. எதிர்த்தரப்பு அதைக் கிளப்பினால் நேரடியாக ஆட்சேபிக்க வேண்டும். அந்த நோயில் சண்டை வேறு: யாருடைய கல்நார் என்பதுதான். நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம் ஆகும் என்பதால் பதின்ம வயதுக் கட்டட வேலை, கடற்படைக் கப்பல் எல்லாவற்றையும் கிளறுவார்கள்.

---

சட்டப்படி

நிலா சொன்னதோடு ஒன்று. 2003 ஏயர்ஸ் தீர்ப்புப்படி, வேறு ஆட்களும் காரணம் என்றாலும் ரயில் நிறுவனம் முழுத்தொகைக்கும் பொறுப்பு. ஜூரியிடம் சதவீதம் பிரித்துத் தரச் சொல்ல முடியாது. தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவுக்கு மட்டும் கழிக்கலாம்.

அதே தீர்ப்பில் இன்னொரு நன்மை. ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர், புற்று வருமோ என்ற உண்மையான, கடுமையான அச்சத்துக்கும் தொகை கேட்கலாம். நோயே இல்லாமல் அச்சம் மட்டும் என்றால் கிடையாது. 1997இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக் குழாய்த் தொழிலாளியின் வழக்கில் அதுதான் முடிவு. மூன்று வருடம், தினம் ஒரு மணி நேரம் கல்நார்த் தூசில் நின்றவர். அறிகுறி இல்லாததால் மனவேதனைக்கும் கிடைக்கவில்லை, வருங்கால மருத்துவச் சோதனைக்கான மொத்தத் தொகையும் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் கசப்புதான், ஆனால் சட்டம் அது.

---

பழைய_ஏடு

காகிதங்கள் பற்றி யாரும் எழுதவில்லை.

ரயில்வே ஓய்வூதிய வாரியத்திலிருந்து சேவை மாதங்களும் சம்பளமும் காட்டும் பிஏ-6 சான்றைக் கேட்டு வாங்குங்கள். எந்த வருடம் எந்த நிறுவனம் என்பது அதில் தெளிவாக இருக்கும். நிறுவனங்கள் இணைந்தும் பிரிந்தும் போனதால் இது உயிர்நாடி. உதாரணம் கான்ரெயில். 1976 ஏப்ரல் 1 அன்று பென் சென்ட்ரல் முதலியவற்றிலிருந்து பிறந்தது, 1999இல் நார்ஃபோக் சதர்னும் சிஎஸ்எக்ஸும் பிரித்துக்கொண்டன. 1976க்கு முந்தைய வேலைக்குப் பொறுப்பு தானாகக் கான்ரெயில் தலையில் விழாது. யாரைப் பிரதிவாதி ஆக்குவது என்பதைத் தேதி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தவறான பெயரில் போட்டு, திருத்துவதற்குள் கெடு முடிந்தால் பரிதாபம்.

பட்டறை ஆட்களுக்குத் தொழில் பாதுகாப்பு விதி 1910.1020 கை கொடுக்கும். காற்றுச் சோதனைப் பதிவுகளை 30 வருடம் வைத்திருக்க வேண்டும், மருத்துவப் பதிவுகளைப் பணிக்காலம் முடிந்து மேலும் 30 வருடம். எழுத்தில் கேட்டால் 15 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். சோதனையே செய்யவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

சீனியாரிட்டிப் பட்டியல், ஷிஃப்ட் அறிவிப்பு, பாதுகாப்புக் கூட்டக் குறிப்பு, புகை பற்றி யூனியனில் கொடுத்த புகார், இன்ஜின் தினசரிப் பரிசோதனைச் சீட்டு. கூட வேலை பார்த்த இரண்டு பேரின் கையெழுத்திட்ட வாக்குமூலம். அவர்களும் வயதானவர்கள், தள்ளிப்போடாதீர்கள். விபத்தையோ நோயையோ பற்றித் தகவல் தந்ததற்காக ஊழியரைத் தண்டிப்பது ஃபெலாவின் 60ஆம் பிரிவுப்படி குற்றம். அதைச் சொன்னால் தயங்குபவர்களும் பேசுவார்கள்.

---

தேன்மொழி_டெக்சாஸ்

விருப்ப ஓய்வில் போனபோது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு?

---

சட்டப்படி

உடனே கைவிட வேண்டாம். பொறுப்பிலிருந்து தப்பிக்கச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஃபெலாவின் 55ஆம் பிரிவு. உண்மையான சமரசம் மட்டும் செல்லும். ஆறாவது வட்ட (வட்டம் என்பது சில மாநிலங்கள் அடங்கிய பகுதி) ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் பேபிட் வழக்கில், அப்போது தெரிந்திருந்த குறிப்பிட்ட காயத்துக்கு மட்டுமே விடுதலைப் பத்திரம் செல்லும் என்றது. மூன்றாவது வட்டம் 1998 விக்கர் வழக்கில் கொஞ்சம் தளர்த்தி, இரு தரப்புக்கும் தெரிந்த ஆபத்துக்கும் செல்லலாம் என்றது. ஆனால் அச்சடித்த நீளமான நோய்ப் பட்டியல் மட்டும் போதாது என்று அங்கேயும் தொழிலாளர்கள் பக்கமே தீர்ப்பு. எந்த மாநிலத்தில் வழக்கு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

---

ஓமாஹா_பாரதி

இடம் பற்றி நானே சேர்க்கிறேன். ஃபெலா வழக்கை மாநில நீதிமன்றத்தில் போடலாம், நிறுவனம் அதை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. ஆனால் எந்த மாநிலம்? தண்டவாளம் ஓடும் எங்கும் போடலாம் என்ற பழைய எண்ணம் 2017 டிரெல் தீர்ப்போடு போயிற்று. நிறுவனம் பதிவான மாநிலம், தலைமையகம் உள்ள மாநிலம், பாதிப்பு நடந்த மாநிலம், இவைதான் பாதுகாப்பானவை. யூனியன் பசிபிக் என்றால் டெலவேரும் நெப்ராஸ்காவும், பிஎன்எஸ்எஃப் என்றால் டெலவேரும் டெக்சாஸும்.

2023இல் மாலரி தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது. ஒஹையோவிலும் வர்ஜீனியாவிலும் வேலை பார்த்து, பெருங்குடல் புற்று வந்த ரயில் பெட்டி மெக்கானிக் பென்சில்வேனியாவில் வழக்குப் போட்டார். அந்த மாநிலத்தில் தொழில் செய்யப் பதிவு செய்த நிறுவனம் அங்கே வழக்கை ஏற்கச் சம்மதித்ததாகும் என்ற பென்சில்வேனியச் சட்டத்தை ஐந்துக்கு நான்கு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதுபோன்ற சட்டம் உள்ள மாநிலத்துக்கு மட்டும்தான் இது.

ஒஹையோவில் கவனம். கல்நார் வழக்குத் தொடர முதலில் மருத்துவச் சான்றைக் காட்ட வேண்டும் என்ற அம்மாநிலச் சட்டம் ஃபெலா வழக்குக்கும் பொருந்தும் என்று அங்கே 2007இல் தீர்ப்பாயிற்று.

---

கரும்புகை

பாகம் செய்த கம்பெனி மீதும் போடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். 2012 கர்ன்ஸ் தீர்ப்பைப் படித்துவிட்டுப் போங்கள். இன்ஜின் பாகங்களின் வடிவமைப்பு, எச்சரிக்கை பற்றிய மாநிலச் சட்ட வழக்குகளை ஃபெடரல் இன்ஜின் சட்டம் அடைத்துவிட்டது. பட்டறையில் பழுதுபார்த்தவருக்கும் அதே.

---

பழைய_ஏடு

பணம் கைக்கு வரும்போது எவ்வளவு கழியும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. வக்கீல் கட்டணம் பெரும்பாலும் வெற்றி பெற்றால் மட்டும், மூன்றில் ஒரு பங்கு வரை. நிபுணர் செலவு அதற்கு மேலா, உள்ளேயா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஓய்வூதிய வாரியம் தந்த நோய்க்கால உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் செலவழித்ததையும். இரண்டுக்கும் சமரசத்துக்கு முன்பே எழுத்தில் கணக்குக் கேளுங்கள்.

தண்டனைத் தொகை இந்தச் சட்டத்தில் இல்லை. உயிரோடு இருக்கும் தொழிலாளியின் மனைவிக்குத் தாம்பத்திய இழப்பு என்று தனித் தொகையும் இல்லை. இறந்துவிட்டால் குடும்பத்தின் பண இழப்பும், அவர் சாகும்வரை பட்ட வலிக்கான தொகையும்.

---

நிலா_ஆய்வகம்

பாரதி கேட்ட "முதல் வாரம்" என்பதற்கு நேராகப் பதில். திசுப் பரிசோதனை செய்த ஆய்வகத்துக்கு, மெழுகுக் கட்டிகளையும் சிலைடுகளையும் அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கடிதம். அமெரிக்க நோய்க்கூறு ஆய்வகங்களின் விதி பத்து வருடம் வைக்கச் சொல்கிறது, ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது. கல்நார் நார்களை எண்ணுவதற்கும், மீசோதீலியோமாவா வேறு புற்றா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும் அந்தக் கட்டிதான் வேண்டும். இறந்துவிட்டால் அடக்கத்துக்கு முன் பிரேதப் பரிசோதனை பற்றி வக்கீலிடம் கேளுங்கள். மிகவும் வலிக்கும் கேள்விதான், ஆனால் பிறகு கேட்க முடியாது.

---

சட்டப்படி

கூடவே, நோயாளி தளர்ந்துவிடுவார் போலிருந்தால் வழக்குப் போடுவதற்கு முன்பே வீடியோ வாக்குமூலம் எடுக்க ஃபெடரல் நடைமுறை விதி 27இல் மனு செய்யலாம். கீமோ நடக்கும் நாட்களில் வேண்டாம். காலையில், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல், கரும்புகை எழுதிய பணி வாரிக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு.